முதலில் ஜெசிந்தாவின் அட்டை

தாம்பரம் பக்கத்து பல்பு கம்பெனியில் ஜெசிந்தாவுக்கு வேலை, எரிகிற பல்பையும் எரியாத பல்பையும் பிரித்து வைப்பது. நாளெல்லாம் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு, ரயிலில் செங்கல்பட்டு திரும்பும்போது கொளவாய் ஏரியின் இருட்டு இதமாக இருக்கும்.

அவள் கர்ப்பமான ஏழாம் மாதத்தில் வீட்டில் வழக்கு எழுந்தது. புருஷன் தேவசகாயம் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். அவன் மனைவி என்பதால் அவளுக்கும் ரயில்வே ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம் உண்டு. கம்பெனி வழியாக ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு அட்டையும் அவளிடம் இருந்தது.

"ரயில்வேக்காரன் பொண்டாட்டி ஈ.எஸ்.ஐ. க்யூவுல நிக்கறதா? மானம் போயிடும்டி."

"என் சம்பளத்துல புடிக்கிறாங்களே, அது இன்னாத்துக்காம்? உன் மானத்துக்கா?"

அவள் கவலை வேறு. கூட வேலை செய்யும் சகுந்தலா, ஊர் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குப் படாளத்து அம்மா வீட்டுக்குப் போனாள். ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் காட்டாமலே பெற்றுக்கொண்டாள். அதனால் ஈ.எஸ்.ஐ. தரும் பேறுகால லீவுச் சம்பளம் வரவில்லை. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்குமுன்னே வேலைக்குத் திரும்பிவிட்டாள். மதியமானால் பால் கட்டிச் சேலை நனையும். பல்பைப் பார்த்தபடியே அழுவாள். ஜெசிந்தாவுக்குத் தன் பிள்ளையோடு இருக்க அந்தச் சம்பள லீவு வேண்டும். அவ்வளவுதான்.

புருஷனிடம் சொல்லாமல் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனாள். நர்ஸ் அமிர்தவல்லி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ரெண்டு பக்கமும் வைத்தியம் கீதா? யோகக்காரிதான் போ. உனக்கு மொதல்ல உன் அட்டை. நீ தொழிலாளி, அப்புறம்தான் அந்தாளு பொண்டாட்டி. மாசாமாசம் இங்க வந்து காட்டு. லீவு சம்பளம் இங்கதான் வரும், ரயில்வே தராது. இங்க முடியாததுக்கு அங்க போ. எங்க பெத்தாலும், பெத்ததுக்கு டாக்டர் சீட்டு இங்க வந்தாவணும். ஒரே வைத்தியத்துக்கு ரெண்டு எடத்துல கை நீட்டினே, தொலைச்சிடுவேன்!"

ஒன்பதாம் மாதம் பிள்ளை குறுக்கே கிடந்தது. மருந்தகத்தில் ஆபரேஷன் வசதி இல்லை. டாக்டரே, "உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்று எழுதிக் கொடுத்தார். ரயில்வே ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். தேவசகாயத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, கடைசில என் ரயில்வேதான்!"

"சரிய்யா. உன் ரயில்வே குடுத்த சீட்டை எடுத்துக்கினு போயி என் க்யூவுல நில்லு."

போனான், யூனிபாரத்தோடு. "ஜெசிந்தா புருஷன் யாருப்பா?" என்று கூப்பிட்டபோது கூசிப்போனானாம். மறுபடி கூப்பிட்டதும், க்யூ முழுக்கக் கேட்கும்படி, "நான்தாங்க!" என்றானாம். அவனே வந்து சொன்னான்.

லீவு சம்பளம் வந்தது. ஒரு மதியம், கம்பெனியில் பல்புகள் எரிந்து எரிந்து அணையும் நேரம். ஜெசிந்தா வீட்டில் படுத்திருந்தாள். பால் கட்டுமுன்பே பிள்ளை விழித்துக்கொண்டது.