மைத்துனர் சொன்ன அமெரிக்கர்

எண்பதுகளின் நடுவில், நாடு விட்டு வந்து மவுண்ட் ரோஸ்கில்லில் வாடகை வீட்டில் இருந்தோம். மனைவியின் தம்பி யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர். இங்கே வேலை தேடிக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தார். நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தைப் பற்றியே அவருக்கு எந்நேரமும் பேச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அமெரிக்கரின் வாழ்க்கை அது. ஏழை விவசாயியின் மகன். வருடத்தில் சில கிழமைகள்தான் பள்ளிக்கூடம். ஊர் நூலகத்துப் புத்தகங்களைத் தானே படித்து வழக்கறிஞராகி, சட்டசபைக்கும் போய், பிறகு அந்தப் பதவியை விட்டுவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று குதிரையில் ஊரூராக அலைந்தவராம்.

மங்கரே விமான நிலையத்தில் சரக்குப் பெட்டிகளை இறக்கிவிட்டு நான் வீட்டுக்கு வருவேன். மனைவி கறியைக் கிளறாமல், அகப்பையைப் பிடித்தபடி அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். நான் வந்ததே தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அந்த மனிதர் பணக்கார வீட்டில் பிறந்து பெரிய பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. என்னைப் போலத் தொடங்கி அங்கே போனாரே, அதுதான் பொறுக்கவில்லை. செத்துப்போன வெள்ளைக்காரர் மேல் பொறாமைப்பட்டேன். அவரைச் சொல்லிச் சொல்லியே மனைவியின் கண்ணில் உயர்ந்துகொண்டிருந்த மைத்துனர் மேல் அதைவிட.

விஜயதசமிக்கு மகனுக்கு ஏடு தொடக்க வேண்டியிருந்தது. அப்போது எங்கள் பக்கம் கோயில் கிடையாது, வீட்டில்தான். முன்னறையில் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பிவிட்டு மனைவி சொன்னாள்:

"தம்பி, நீ பிள்ளையின்ர விரலைப் பிடிச்சு எழுது. படிச்ச கை."

மைத்துனர் என்னைப் பார்த்தார். "அத்தான் இருக்கிறார், அக்கா."

"அவர் வெக்கப்படுவார்."

எனக்கு முகம் சுட்டது. "நான்தான் தொடக்குவன்," என்றேன்.

"உங்களுக்கு எழுத வருமோ?" மனைவி சிரித்தாள்.

"அ வரைக்கும் வரும்."

மகனை மடியில் இருத்தி எழுதுவித்தேன். தடித்துப்போன என் விரல்களுக்குள் அவன் விரல் தெரியவே இல்லை. அந்தக் கொஞ்ச நேரம் வீட்டில் அமெரிக்கர் இல்லை.

எழுதி முடிந்ததும் அவன் இறங்கி மைத்துனரிடம் ஓடினான். "மாமா, தென் வாட்? குதிரை எங்க போனது?"

மைத்துனர் தொடங்கினார். மனைவி அவர் பக்கத்தில் போய் இருந்தாள். நான் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போனேன். அங்கேயும் நன்றாகவே கேட்டது.