லில்லி அக்கா பேசிய இறக்கங்கள்

பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் கீரை பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. சுபாங் ஜெயாவிலிருந்து லில்லி அக்காவின் தம்பி மகன் டேவிட். "ஆன்டி, அத்தை காலைல தூக்கத்துலயே போய்ட்டாங்க." கையிலிருந்த கீரையை என்ன செய்வதென்று தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்காவை அறியாதவர்கள்கூட அவருடைய காரை அறிவார்கள். பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து குடிக்கும் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. அதன் நீலப் புகையைக் கண்டு கொடியில் காயும் துணியை எடுக்க ஓடியவர்கள் இதை வாசிக்கும் உங்களிலும் இருக்கலாம். தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்கா அதற்கெல்லாம் அசரமாட்டார்.

அந்த வண்டியில் ஃப்ரீவீல் என்றொரு ஏற்பாடு உண்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் சக்கரங்களை விட்டுவிடும்; வண்டி தன்போக்கில் உருளும், எஞ்சின் மெல்ல முனகும். மிதித்தாலோ, பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் ஞாயிறுகளில் மீன் வாங்கக் கிள்ளானுக்குப் போகும்போது எங்கள் பேச்செல்லாம் மேம்பால இறக்கங்களில்தான். ஒரு பாலத்தில் தொடங்கிய வாக்கியம் அடுத்த பாலத்தில் முடியும்.

தன் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்கா என்னை ஓட்டச் சொன்னார். ஷா ஆலம் பக்கம் ஓர் இறக்கத்தில், என் கார் நினைப்பில், காலை எடுத்தால் வேகம் தானே மட்டுப்படும் என்று சும்மா இருந்தேன். மட்டுப்படவில்லை. முன்னால் லோரி. "சரசு, எஞ்சின் உன்னப் பிடிக்காது. நீதான் பிரேக் பிடிக்கணும்," என்றார், குழம்புக்கு உப்பு போடச் சொல்வதுபோல. நான் பிரேக்கை மிதித்து வண்டியை ஓரம் கட்டிய பிறகு, "பரவால்ல லா, லோரிக்காரன் பாக்கல," என்றார்.

அவர் மணம் செய்துகொள்ளாதவர். நான் கணவரை இழந்தவள். இருவர் வீட்டிலும் பேச ஆளில்லை. போன மழைக்காலத்தில் ஓர் இறக்கத்தில் அக்கா சொன்னார்: "வீட்டுக்குத் திரும்புறப்பதான் பயமா இருக்கு." அதற்குள் ஏற்றம் வந்துவிட்டது. பதிலை வாயிலேயே வைத்துக்கொண்டு ஓட்டி, அடுத்த இறக்கத்தில் சொன்னேன்: "என் வீட்டுக்கே வந்துடுங்கக்கா." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு பாலம் தாண்டித்தான் பேசினார். "கிறிஸ்மஸ் முடிஞ்சு வரேன். கார நிறுத்த எடம் கேட்டு வை."

இடம் கிடைத்தது. அறையை ஒழித்து, மெத்தை வாங்கிப் போட்டு, திரையும் மாட்டினேன். கிறிஸ்மஸுக்கு முன்பே அவர் போய்விட்டார். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யாரிடம் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

டேவிட் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். "நீங்களே வெச்சிக்குங்க ஆன்டி." ஆக, அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது கார். ஞாயிறுகளில் கிள்ளானுக்குப் போய் ஒரு ஆளுக்கு மட்டும் மீன் வாங்கி வருகிறேன். பாலத்து இறக்கங்களில் காலை எடுக்க மனம் வருவதில்லை; லேசாக மிதித்தபடியே இறங்குகிறேன். எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரை, அக்கா பக்கத்தில்தான் இருக்கிறார், அடுத்த இறக்கம் வரட்டும் என்று பேசாமல் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.