பதிமூன்று கண் பாலம் வரும்வரை

கல்யாணமான அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி ராஜபாளையத்தில் இறங்கியதோடு செல்லக்கனியின் ரயில் பயணம் முடிந்துபோனது. மலையைக் குடைந்துகொண்டு கொல்லம்வரை போகிற வண்டி அது. மலை வருவதற்கு வெகு முன்னாலேயே புருஷனும் பெண்டாட்டியும் மூட்டை முடிச்சோடு இறங்கி நடையைக் கட்டிவிட்டார்கள். "ஒரு லீவு கெடைக்கட்டும். குகை, பதிமூணு கண்ணு பாலம் எல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன்" என்று பால்ச்சாமி அன்று வாக்குக் கொடுத்தார். அந்த லீவு கிடைக்க இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. அதுவும் மில்லை இழுத்து மூடியதால் வந்த லீவு.

இரண்டு பேருக்கும் ஒரே நூற்பாலையில்தான் வேலை. ஒரே ஹாலில் அடுத்தடுத்த வரிசை. கல்யாணத்துக்கு அப்புறமும் அவர்கள் அதிகம் பார்த்துக்கொண்டது மில்லுக்குள்தான். மெஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோருக்கும் கைதான் வாய். தலையைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் தண்ணீர். ஒருத்தி செத்த நேரம் வெளியே போக வேண்டும் என்றால் அடுத்த மெஷின்காரரைப் பார்ப்பாள். அவர் உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்துவிட்டு அவள் மெஷின் பக்கம் நீட்டினால், நீ போ, உன் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். போகிறவளும் சும்மா போய்விட முடியாது. எத்தனை நிமிஷத்தில் திரும்புவாள் என்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும். காட்டாமல் போனால் அது பெரிய மரியாதைக் குறைவு.

மில் பால்ச்சாமியின் காதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு இருமலைக் கொடுத்தது. மூடிய பிறகும் இரண்டையும் யாரும் மாற்றித் தரவில்லை. வீட்டில் அவள் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். சண்டை போடுவதென்றாலும் எதிரே வந்து நின்றுதான் போட வேண்டும். பாதிக் கோபம் அந்த நடையிலேயே போய்விடும். ஆனால் இருமல் அப்படியில்லை. அவருடைய இருமல் அவருக்கே கேட்காது. அதைக் கேட்பதற்கென்றே செல்லக்கனிக்குக் காது நன்றாக இருந்தது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஐப்பசியில் புனலூரிலிருந்து மகன் சோலைராஜின் கடுதாசி வந்தது. அங்கே ஒரு ஜவுளிக்கடையில் அவனுக்கு வேலை. மருமகள் மறுபடி வேலைக்குப் போகிறாளாம், எட்டு மாதப் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லையாம். 'அம்மா இங்கேயே வந்து இருந்துவிடவும். இருப்பது ஒரே அறை. அப்பாவின் இருமல் பிள்ளைக்கு ஆகாது என்று இவள் பயப்படுகிறாள். அப்பா வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்' என்று எழுதியிருந்தான். எழுதிய கையை என்னவென்று சொல்வது! அந்தக் கையை வளர்த்த சோறு எந்தத் தூசிக்குள்ளிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

செல்லக்கனிக்கு நெஞ்சு கொதித்தது. ஆனாலும் போகலாம் என்றுதான் முடிவு செய்தாள். பேரன் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் சாமியிடம்கூடச் சொன்னதில்லை. அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. மெஷினோடு பாதி ஆயுசு, இருமலோடு மீதி ஆயுசு என்று ஓடி ஓடி உடம்பும் மனசும் விட்டுப்போயிருந்தன. கடுதாசியைக் காட்டாமல் பால்ச்சாமியிடம், "பேரனைப் பாத்துட்டு மூணாம் நாள் வந்துரலாம்" என்று மட்டும் சொன்னாள். தான் வரப்போவதில்லை என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அப்புறம், அப்புறம் என்று தள்ளிப்போட்டு, கிளம்பும் நாளும் வந்துவிட்டது.

அந்த வாரம் பால்ச்சாமி வேறு அடுப்படியை விட்டு நகரவில்லை. அவள் உலை வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்றார். பானைக்குள் விரலை விட்டுத் தண்ணீரை அளந்தார். புளியை எவ்வளவு கரைக்கிறாள் என்று எட்டிப் பார்த்தார். "ஆம்பளைக்கு இங்க என்ன சோலி? தள்ளுங்க" என்று எரிந்து விழுந்தாள். அவர் சிரித்துக்கொண்டே இரண்டடி தள்ளி நின்றார்.

காலை வண்டியில் ஜன்னலோரம் அவருக்கு இடம் கிடைத்தது. துணிப்பையை அவளிடம் கொடுக்காமல் வீட்டிலிருந்து தோளிலேயே சுமந்து வந்து மேலே வைத்தார். மேலாக்கப் பால்கோவாப் பொட்டலம், அதற்கு அடியில் அவளுடைய சேலைகள் அத்தனையும். தென்காசி தாண்டியது. செங்கோட்டையில் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இன்னொரு இஞ்சினை மாட்டினார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பாதை, செங்குத்தான ஏற்றம். ஒற்றை இஞ்சினுக்கு மூச்சு முட்டிவிடும். செல்லக்கனிக்கும் அப்படித்தான் இருந்தது. இன்னும் சொன்னபாடில்லை.

எதிரே சங்கரன்கோவிலில் ஏறிய ஜெயபாய் உட்கார்ந்திருந்தாள். புனலூர்க் கடைகளுக்கு நைட்டி மூட்டை கொண்டுபோகிறவள். வாரம் தவறாமல் போவதால் மலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

பகவதிபுரம் தாண்டியதும் வண்டி குகைக்குள் நுழைந்தது. பெட்டியில் விளக்கு எரியவில்லை, கும்மிருட்டு. ஆட்கள் ஊளையிட்டார்கள். இதைவிட்டால் வேறு நேரம் இல்லை என்று செல்லக்கனிக்குத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், அவரும் தன் உதட்டைப் பார்க்க முடியாது. சொன்னது மாதிரியும் ஆயிற்று.

"ஏங்க, நான் திரும்பி வரலை. அங்கயே இருக்கப் போறேன். நீங்க மட்டும் வீட்டுக்குப் போங்க. ஒங்க இருமல் புள்ளைக்கு ஆகாதுன்னு எழுதியிருக்கான். எனக்கும் ஏலலைங்க, அலுத்துப் போச்சு."

மில்லில் பேசிப் பழகிய தொண்டை. மெதுவாகத்தான் சொன்னதாக அவள் நினைத்துக்கொண்டாள். குகையோ நீளம். ஊளையிட்டவர்கள் பாதியிலேயே ஓய்ந்திருந்தார்கள். வெளிச்சம் வந்தபோது பெட்டியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்காதவர் பால்ச்சாமி ஒருத்தர்தான். அவர் புகைக்கு இருமிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையை வேடிக்கை பார்த்தார்.

ஜெயபாய் முறுக்கைக் கீழே வைத்தாள். "அக்கா, அவியளுக்குக் காது கேக்காதா?"

செல்லக்கனி தலையை மட்டும் ஆட்டினாள்.

"பொறவு இருட்டுல சொன்னா எப்பிடிக்கா? எங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருச்சி. தெரிய வேண்டியவியளுக்குத் தெரியலையே. மூஞ்சியப் பாத்துச் சொல்லிருங்க."

செல்லக்கனிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஆரியங்காவு வந்தது, போனது. பாலம் வரும்போது சொல்லிவிடுவது என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டாள்.

பாலம் வந்தது. வண்டி ஊர்ந்தது. கீழே ஆறும் ரோடும் தெரிந்தன. ஆட்கள் ஜன்னல் பக்கம் குவிந்தார்கள். பால்ச்சாமி தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "காட்டிட்டேனா இல்லையா?" என்றார். இருபத்தெட்டு வருஷத்து வாக்கு.

அவள் அவர் எதிரே சரியாகத் திரும்பி உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, அரிசிக்கு மேல ரெண்டு வெரக்கடை தண்ணி. சரிதானே?" என்றார் பால்ச்சாமி.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கடுதாசி அரிசி டின்னுக்குக் கீழ இருந்துச்சு. எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டேன். மூணு நாளைக்கு இம்புட்டுக் கனமாவா பை கட்டுவாக?" அவர் குரலில் கோபம் இல்லை. "ரசம் மட்டும் எனக்கு வரல. போகட்டும்."

அடுப்படியில் அவரை விரட்டிய ஒவ்வொரு நாளும் செல்லக்கனிக்கு ஞாபகம் வந்தது. அந்த ஏழு நாளும் அவர் சொல்லாமல் இருந்தது அவளுக்காக என்பது புரிந்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஜெயபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பால்ச்சாமி உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்தார். பிறகு அதை ராஜபாளையம் இருக்கிற திசைக்கு நீட்டினார்.

பதில் காட்ட வேண்டுமே. செல்லக்கனியின் கை தானாக மேலே வந்தது. மில்லில் ஐந்து விரல், மிஞ்சிப்போனால் பத்து. அதற்கு மேல் யாரும் காட்டியதில்லை. ஐந்து விரலையும் விரித்தாள், மடக்கினாள், மறுபடி விரித்தாள். எத்தனை என்று அவளுக்கே தெரியவில்லை. பால்ச்சாமி எண்ணுவதற்காக அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.