யாருக்குப் போகிறது செய்தி

உபகாரமேரி விசைப்பலகையைக் கவிழ்த்துப் பிடித்து உள்ளங்கையால் தட்டுகிறார். முறுக்குத் துகளும் ஆலையின் மாவுத் தூசியும் மேசையில் உதிர்கின்றன. புடவைத் தலைப்பால் அவற்றைத் துடைத்துவிட்டு, இன்னொரு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு தட்டச்சைத் தொடர்கிறார். விசைப்பலகையில் சி, வி என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. எழுதியதை நகல் எடுப்பதற்கு ஒன்று, ஒட்டுவதற்கு ஒன்று. "எம் பொழப்பே இந்த ரெண்டு எழுத்துலதான் ஓடிக்கினு இருந்துச்சி" என்கிறார்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருக்கிற ஒரு ஜவ்வரிசி ஆலையில், லாரிக்கு எடை போடும் அறையின் மூலையில் அவருடைய கணினி இருக்கிறது. மரவள்ளியைப் பிடுங்கினால் இரண்டொரு நாளுக்குள் அரைத்தாக வேண்டும். தவறினால் கிழங்கு உள்ளே கறுத்துவிடும். அதனால் யார் என்றைக்குப் பிடுங்க வேண்டும் என்று ஆலையே கைபேசிக்குச் செய்தி அனுப்பிவிடும். மறுநாள் லாரி கொல்லைக்கு வரும். எங்கள் வீட்டுக் கிழங்கும் அங்கேதான் போகிறது. செய்தி அனுப்பும் கணினி நிரலை எழுதியவர் உபகாரமேரி. டைப்பிங் சென்டரில் மனு அடித்துக் கொடுத்துக்கொண்டே, பக்கத்து அறையில் நடந்த கணினி வகுப்பை எட்டிப் பார்த்துப் பிடித்த தொழில் இது.

அவர் எழுதிய நிரலில் ஒவ்வொரு விவசாயிக்கும் அவரவர் பெயர் எழுதிய தனிப் பெட்டி உண்டு. வேடியப்பன் தேதி, வேடியப்பன் எண். வீரமுத்து தேதி, வீரமுத்து எண். 'வேடியப்பன் தேதி இன்றைக்கு என்றால், வேடியப்பன் எண்ணுக்குச் செய்தி அனுப்பு' என்று ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதியிருந்தார். புதிதாக ஒருவர் சேர்ந்தால் முன்னவரின் வரிகளை நகல் எடுத்து ஒட்டிப் பெயரை மாற்றுவார். நூறு பேரைத் தாண்டியபோது நிரல் புடலங்காய் மாதிரி நீண்டு தொங்கியது. உபகாரமேரிக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. "அவங்கவங்க வூட்டுல அவங்கவங்க இருக்காங்க. தேடுனா கெடைப்பாங்க."

போன பட்டத்தில் வீரமுத்துவின் வரிகளை நகல் எடுத்து வேடியப்பனுக்கு ஒட்டியபோது ஒரு பெயரை மாற்ற மறந்துவிட்டார். வேடியப்பனின் தேதி வந்தது. செய்தி வீரமுத்துவின் எண்ணுக்குப் போனது. வடக்கனந்தலில் வீரமுத்து ஆள் வைத்துக் கிழங்கைப் பிடுங்கிக் குவித்துவிட்டு லாரிக்குக் காத்திருந்தார். லாரியோ வேடியப்பன் கொல்லையில், செடி நிற்கும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. விஷயம் தெரிந்து வண்டி திரும்பி வருவதற்குள் வீரமுத்துவின் குவியலில் பாதி கறுத்துவிட்டது.

உபகாரமேரி அவர் கொல்லைக்கே போனார். வீரமுத்து திட்டவில்லை. ஒரு கிழங்கை ஒடித்து, உள்ளே ஓடிய கறுப்பைக் காட்டினார். "மெசேஜு எம் போனுக்குத்தானே வந்துச்சி மேரிம்மா? எனக்கு வந்தது எனக்கில்லன்னு நான் எப்பிடித் தெரிஞ்சிக்கிறது?" என்று மட்டும் கேட்டார். மேனேஜர் ஆதிமூலம் அவ்வளவு பொறுமையானவர் இல்லை. "இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சின்னா, பழையபடி ஆள் வச்சி போன்ல சொல்லிக்கிறோம். உங்க கம்ப்யூட்டரே வேணாம்" என்றார்.

உபகாரமேரியின் சித்தி மகள் லூசி கொரோனாவின்போது சென்னைக் கம்பெனி வேலையோடு நைனார்பாளையத்துக்கு வந்து தங்கிவிட்டவள். நிரலைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாக்கா இது, நூறு பேருக்கு நூறு தடவ ஒரே வரிய எழுதி வச்சிருக்க? எல்லாரையும் ஒரே பட்டியல்ல போடு. ஒரு லூப் வை, திரும்பத் திரும்பச் சுத்தும். அதே நாலு வரி, ஒவ்வொருத்தருக்கா ஓடிப்புடும்."

"நாலு வரியில யார் பேரு எழுதுறது?"

"யார் பேரும் இல்லக்கா. i-னு போடு. ஒரு சுத்துல i-தான் வேடியப்பன்."

"அப்புறம்?"

"இன்னொரு சுத்துல i வீரமுத்து."

"அப்ப வேடியப்பன் எங்கடி போனாரு?"

"எங்கியும் போவல. பட்டியல்லயேதான் இருக்காரு."

"பட்டியல்லயும் இருக்காரு, i-யாவும் இருந்தாரு. இப்ப i வேற ஆளு. ஒரு பேருல ரெண்டு பேரப் போட்டுக் கொழப்பித்தானேடி வீரமுத்து கெழங்கு கறுத்துச்சி? நீ நூறு பேரப் போடச் சொல்ற!"

லூசியிடம் இதற்குப் பதில் இருந்தது. ஆனால் உபகாரமேரியிடம் அதை வாங்கிக்கொள்ள இடமில்லை.

கணவர் மைக்கேல்ராஜ் கல்வராயன் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். மனைவி சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உதவிக்கு வந்தார். "ஜீப்புல ஒரு சீட்டுன்னு வச்சிக்க. வெள்ளிமலையில ஒருத்தர் எறங்குனா இன்னொருத்தர் ஏறுறாரு. சீட்டு அதேதான்." உபகாரமேரி யோசித்துவிட்டு, "எறங்குனவரு மழையில நனைஞ்சிகினு நிப்பாரே?" என்று கேட்டார். மைக்கேல்ராஜ் கை கழுவ எழுந்துவிட்டார்.

கடைசியில் உபகாரமேரி புரியாமலேயே எழுதினார். பட்டியலின் நடுவில் இருந்த மூன்று பேருக்கு மட்டும் அன்றைய தேதியைப் போட்டு ஓட்டிப் பார்த்தார். மூன்றும் சரியாக வந்தன. "வேல செய்யுது. ஏன் செய்யுதுன்னுதான் தெரியல. தெரியாமப் பண்ணித் தப்பானா தாங்கிக்கலாம், தெரியாமப் பண்ணிச் சரியாப் போறதுதான் பயமா இருக்கு" என்றார் என்னிடம். பிறகு லூசியை உட்கார வைத்து மொத்தப் பெயரையும் சரிபார்த்து ஏற்றினார்.

அந்த வாரமே சாலம்மாள் ஆலைக்கு வந்தார், வெறும் லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. ஆலைக்குக் கிழங்கு கொடுப்பவர்களில் செய்திக்காக முதன்முதலில் எண் கொடுத்தவர் அவர்தான். பட்டியலிலும் அவரே முதல் ஆள். "அக்கம்பக்கம் எல்லாருக்கும் மெசேஜ் வந்துகீது. எனக்கு வரல. வண்டி மட்டும் வந்து நிக்குது. நான் இன்னா செத்தா பூட்டேன்?"

ஆதிமூலம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருந்ததால் நஷ்டமில்லை. லாரியை மறுநாளைக்கு மாற்றினார்கள். லூசிக்குப் போன் போனது.

"லூப்ப எங்கருந்து ஆரம்பிச்ச?"

"ஒண்ணுலருந்துதான். வேற எங்கருந்து ஆரம்பிப்பாங்க?"

"அய்யோ அக்கா, கம்ப்யூட்டருக்கு மொத ஆளு சைபரு. சைபர்லருந்துதான் எண்ணும்."

"மொத ஆள சைபர்னு சொல்றது எந்த ஊரு மரியாதடி?" என்று கேட்டார் உபகாரமேரி. சாலம்மாள் எதிரில் உட்கார்ந்து, தன்னைத்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று மலங்க மலங்க விழித்தார்.

ஒன்று, சைபர் என்று எண்ணவே வேண்டாம், பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரையும் எடு என்று சொன்னாலே போதும் என்று லூசி அப்புறம்தான் சொன்னாள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அப்படித் திருத்தி எழுதும்போது உபகாரமேரி i என்ற எழுத்தையும் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் 'யாரு' என்று போட்டார். 'பட்டியலில் உள்ள ஒவ்வொரு யாருக்கும்: யாருவின் தேதி இன்றைக்கு என்றால், யாருவின் எண்ணுக்கு அனுப்பு.' லூசி சிரித்தாள். ஆதிமூலம் ஒரு வாரம் தானே பத்து வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டார்.

நிரல் இப்போது திரையைத் தாண்டவில்லை. உபகாரமேரி அதைப் பெருமையாகப் பார்ப்பதில்லை. ஆளில்லாத வீட்டை எட்டிப் பார்ப்பது போலப் பார்க்கிறார். நகல் எடுக்க வேலையில்லாததால் கைகள் அடிக்கடி முறுக்குப் பொட்டலத்துக்குப் போகின்றன. "எல்லாரும் உள்ளதான் இருக்காங்கன்றாங்க. நானும் நம்பிகினு இருக்கேன்" என்கிறார்.

எங்கள் வீட்டுத் தேதியை விசாரிக்க நான் போயிருந்த அன்று அவருடைய கைபேசி அடித்தது. வீரமுத்து. குரல் எனக்கே கேட்டது. "மேரிம்மா, நாளைக்குக் கெழங்கு புடுங்கச் சொல்லி மெசேஜு வந்துகீது. ஆளுக்குச் சொல்லலாமா? இது எனக்குத்தானா?"

உபகாரமேரி பட்டியலைத் திறந்தார். வீரமுத்துவின் பட்டியல் வரியைத் தேடித் தேதியைப் பார்த்தார். எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு நிரலுக்குப் போய், அந்த நாலு வரியில் 'யாரு' என்றிருந்த இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து, திரை குழியும்படி அழுத்தினார்.

"ஆமாண்ணா, உங்களுக்குத்தான். ஆளுக்குச் சொல்லுங்க."

வீரமுத்து ஆள் கூலி, மழை, லாரி என்று பேசிக்கொண்டே போனார். அவர் போனை வைக்கும் வரைக்கும் உபகாரமேரி அந்த விரலை எடுக்கவில்லை.