தலையிலிருந்து எடுத்த பூ

அன்று அந்தச் சர்ச் ஹாலில் எங்கள் பக்கம் நான்கே பேர்: அம்மா, நான், என் மனைவி, மாப்பிள்ளையான என் தம்பி. பெண் பக்கம் அவள், அவளுடைய அம்மா, முந்தின வருஷம்தான் போலந்திலிருந்து வந்த பெரியம்மா மகள், நியூஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்த சொந்தக்காரர்கள் ஐம்பத்திரண்டு பேர். அக்கார்டியன் வாசிக்க ஒருவர். ஹால் மேனேஜர்.

ஹாலுக்குக் கையெழுத்துப் போட்டது நான். எட்டாவதோடு நின்றவன், கார்களுக்குப் பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனில் வேலை. பாதிப் பணம்தான் கட்டியிருந்தேன். மீதியை அன்றே கொடுத்தாக வேண்டும்.

"பயப்படாதண்ணா. கடைசில ஏப்ரன் டான்ஸ் இருக்கு. பொண்ணு இடுப்புல கட்டியிருக்கற ஏப்ரன் துணில ஆளாளுக்குப் பணத்தைப் போட்டுட்டு அவகூட ஒரு சுத்து ஆடுவாங்க. அதுல கட்டிடலாம்" என்று தம்பி சொல்லியிருந்தான். யாரும் போடாவிட்டால்?

அந்த ஆட்டத்துக்கு முன் பெண்ணை நடுவில் உட்காரவைத்து, முக்காட்டையும் பூவளையத்தையும் எடுத்துவிட்டுத் தலையில் துணி கட்டுவார்களாம். இனி அவள் மனைவி என்று அர்த்தம். பெரியம்மா மகள் முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னாள்.

"அவங்க ஊர்ல இப்ப யாரும் இதைப் பண்றதில்லையாம். டிவில கிராமத்து டான்ஸ் காட்டும்போதுதான் பார்த்திருக்காளாம்" என்றான் தம்பி.

பெண்ணின் அம்மா விடவில்லை. "எங்கம்மா கப்பல்ல கொண்டுவந்தது இதுதான். நீங்க அங்க விட்டுட்டா அதுக்கு நானா பொறுப்பு?"

என் அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. பெண்கள் சுற்றி நின்று இழுத்து இழுத்துப் பாடினார்கள். நாற்காலியில் இருந்தவள் அழுதாள். ஒரு கை அவள் தலையிலிருந்து பூவை எடுத்தது.

"ஐயோ, பூவை எடுக்கறாங்கடா! புருஷன் உசுரோட நிக்கறான்டா!"

அம்மா கூட்டத்துக்குள் பாய்ந்தாள். அப்பா போனபோது அவளையும் இப்படித்தான் நடுவில் உட்காரவைத்துப் பூவை எடுத்தார்கள். வளையத்தைப் பிடுங்கி மருமகள் தலையில் வைத்து அழுத்தினாள். கம்பி குத்தி அந்தப் பெண்ணின் நெற்றியில் ரத்தம் கசிந்தது.

பாட்டு நின்றது. தம்பி விளக்க விளக்க, பெண்ணின் அம்மாவுக்கு முகம் வெளுத்தது. "எங்க சடங்கு உங்களுக்குச் சாவா?"

"அதை விடுங்க, நேரா ஆட்டத்துக்குப் போலாம்" என்றாள் பெரியம்மா மகள்.

"துணி கட்டினப்புறம் போட்டாத்தான் சீர். கட்டாம ஆடினா அது பிச்சை" என்றாள் பெண்ணின் அம்மா.

அவள் கோட்டை மாட்டினாள். மற்றவர்களும் மாட்டினார்கள். அக்கார்டியன் பெட்டிக்குள் போனது. மடிப்புக் கலையாத ஏப்ரன் மேசையில் கிடக்க, மேனேஜர் என்னைத் தேடி வந்தார்.

பாக்கி அறுநூற்று நாற்பது டாலர்.