ஈட்டிக்கு என்று எழுதாமல் விட்ட வரி

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் வரி கீழே இறங்கிப் போகும். சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்று இந்த வயதிலும் தடுமாறுவேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கோப்பெங் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தேன், அவ்வளவுதான். மலாய் பேசுவேன். அறிவிப்புப் பலகைகளை வாசிப்பேன். எழுதச் சொன்னால் மட்டும் எந்த மொழியானாலும் கை கூசும். அதுவும் யாராவது பக்கத்தில் நின்றால் என் பெயரே எனக்கு மறந்துவிடும். இதை முதலிலேயே சொல்லக் காரணம், நடந்ததெல்லாம் இந்தக் கூச்சத்தால்தான் நடந்தது.

ஈப்போவில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறேன். கடைக்கு எதிரே பெரிய கால்வாய். அதைத் தாண்டிக் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியின் திடல். என் மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை செய்தாள். ஐந்து மணிக்கு அவளுக்கு வேலை முடியும். எனக்கு முடிய ஆறாகும். அந்த ஒரு மணி நேரம் அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று மாணவர்கள் பயிற்சி செய்வதைப் பார்ப்பாள். பிறகு நானும் போய் நிற்க ஆரம்பித்தேன். அப்படித்தான் அந்தக் கல்லூரிக்கு நாங்கள் ரசிகர்கள் ஆனோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அங்கே படிப்பவர் யாரும் எங்களுக்குச் சொந்தமும் இல்லை.

போட்டி நாட்களில் வாசலில் யாரையும் தடுக்க மாட்டார்கள். உள்ளே போய்க் கூரை போட்ட மேடையில் உட்காரலாம். அவள் பலமுறை கூப்பிட்டாள், நான்தான் போகவில்லை. அதனால் எப்போதும் அந்த வேலி மூலைதான். ஓடுகிறவர்கள் மேடைப் பக்கம் ஓடுவார்கள், கைதட்டலும் அங்கேதான் கேட்கும். எங்கள் மூலையில் இருந்தவர்கள் ஈட்டி எறியும் பெண்கள் நாலு பேர். அவர்களைப் பார்க்க எங்களைத் தவிர யாரும் இல்லை.

நான் வாய் திறக்க மாட்டேன். எனக்கும் சேர்த்து அவள் கத்துவாள்.

“எறிடி எங்கம்மா!”

நாலு பேரில் ஒருத்திதான் தமிழ்ப் பெண், தாப்பா என்ற ஊர்க்காரி. மற்ற மூவரும் மலாய்ப் பெண்கள். அந்தக் கத்தலுக்கு என்ன அர்த்தம் என்று அவர்கள் கேட்க, தாப்பாப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு யார் எறிந்தாலும் மற்ற மூவரும் சேர்ந்து, “எறிடி எங்கம்மா!” என்று கத்துவார்கள். மலாய் வாயில் அது வேறு மாதிரி கேட்கும். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அவர்களிடம் இரண்டே ஈட்டிகள் இருந்தன. அதில் ஒன்று வளைந்தது. எறிந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து போய் விழும்.

“பாருங்க, கோணையா போகுது,” என்றாள் என் மனைவி. “உங்க கையெழுத்து மாதிரியே.”

அதனால் நல்ல ஈட்டி ஒன்றை வைத்தே நாலு பேரும் எறிந்தார்கள். ஒருத்தி எறிவாள், போய் எடுத்து வருவாள், அடுத்தவள் எறிவாள். “இது என்ன ஈட்டிப் போட்டியா, நடைப் போட்டியா? எறியிறத விட நடக்கிறதுதான் ஜாஸ்தியா இருக்கு,” என்று அவள் குறைப்படுவாள். பிடியில் சுற்றியிருந்த கயிறு பிய்ந்தபோது கடையிலிருந்து கறுப்பு டேப் வாங்கி வந்து வேலிக்கு மேலே வீசிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த நாலு பேருக்கும் அவள் ‘ஆண்ட்டி’, நான் ‘அங்கிள்’. நான் தலையாட்டுவதோடு சரி.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் மூன்று நாள் டையாலிசிஸ். வேலையை விட்டுவிட்டாள். திடலை மட்டும் விடவில்லை. டையாலிசிஸ் முடிந்து மோட்டார் சைக்கிளில் கூட்டி வரும்போது, “கொஞ்சம் அங்க நிறுத்துங்க,” என்பாள். நான் கால்வாய் ஓரத்தில் நிறுத்துவேன். அவளால் இறங்க முடியாது. பின் சீட்டில் உட்கார்ந்தபடியே என் முதுகில் சாய்ந்துகொண்டு பார்ப்பாள்.

ஒருநாள் தாப்பாப் பெண் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வர ஆயத்தமாக நின்றாள். என் மனைவி கத்தப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.

“நீங்க கத்துங்களேன்,” என்றாள்.

“நானா?”

“ஒரே ஒரு தடவ. யாரு உங்களப் பாக்கப் போறா?”

வாயைத் திறந்தேன். எனக்கும் சத்தம் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மோட்டார் சைக்கிள் ஹாரனை அழுத்தினேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஓடி வந்து எறிந்தாள். அது நல்ல எறி. என் மனைவி முதுகுக்குப் பின்னால் சிரிப்பது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னாள், “எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, சேமநிதிக் காசு வரும்ல, அதுல அந்தப் பிள்ளைங்களுக்கு ஈட்டி வாங்கிக் குடுங்க. வேற எதுவும் வேணாம். என் பேரு கீரெல்லாம் போட வேணாம்.”

“சும்மா இரு,” என்றேன். அவளுக்கு நான் சொன்ன பதில் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் இருந்தாள்.

கருமாதி எல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் சேமநிதிப் பணம் வந்தது. அவள் தம்பி ஈப்போவில் வேன் ஓட்டுகிறான். அவனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“ஈட்டியா?” என்றான். “கப்பு வாங்கிக் குடுங்க லா மச்சான். அக்கா பேரு போட்டு, பளபளன்னு. வருசா வருசம் மேடையில கூப்பிட்டுக் குடுப்பாங்க. நீங்க கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கலாம்.”

“நான் மேடையேறவா?”

“ஏன், நீங்க ஏறுனா மேடை உடைஞ்சிருமா?”

“பேரு வேணாம்னு சொன்னா.”

“அக்கா அப்படித்தான் சொல்லும். வேணாம்னு சொன்னதெல்லாம் அக்காவுக்கு வேணும்தான்.”

அது கொஞ்சம் உண்மைதான். புதுச் சேலை வேண்டாம் என்பாள், வாங்கிப் போனால் அன்றைக்கே கட்டுவாள். ஆனால் ஈட்டி என்று அவள் வாயால் கேட்டிருந்தாள். கேட்டதைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கடையிலிருந்த சீன இளைஞன், எத்தனை கிராம், எத்தனை மீட்டர் எறிகிறவர்களுக்கு என்று கேட்டான். ஈட்டியில் இத்தனை வகை உண்டென்று எனக்குத் தெரியாது. டயர் என்றால் வண்டியின் பெயரைச் சொன்னாலே அளவைச் சொல்லிவிடுவேன். ஈட்டிக்கு நான் யாரைக் கேட்பது? வேலிக்குப் போய் அந்தப் பெண்களையே கேட்டிருக்கலாம். கேட்டால் ஆண்ட்டி எங்கே என்று அவர்கள் கேட்பார்கள். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவள் போன பிறகு அந்தப் பக்கம் நான் போகவே இல்லை.

பணமாகவே கொடுத்துவிடலாம் என்று கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுத்தர் வேலை பார்க்கிற கிராணியம்மா மலாய்க்காரர், மரியாதையானவர். என்னை ‘பாக்சிக்’ என்று கூப்பிட்டார். மாமா என்ற மாதிரி. இங்கே படித்தீர்களா என்று கேட்டார், இல்லை என்றேன். பிள்ளை படிக்கிறதா என்றார், இல்லை என்றேன். பின்னே என்ன என்பது போலப் பார்த்தார். பார்ப்பேன், வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ரசிகர் என்று மலாயில் அழகாக எழுதிவிட்டு, நன்கொடைப் பாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

விளையாட்டுத் துறைக்குக் கொடுக்கிற பணம் எதற்குப் போக வேண்டும் என்று அதில் ஐந்து கட்டம் இருந்தது. பொது நிதி, உபகாரச் சம்பளம், உடற்பயிற்சிக் கூடம், பாலாப்பான், பாடாங். பாலாப்பான் என்றால் ஓடுகிற தடம், பாடாங் என்றால் திடல். பள்ளியில் திடல்தடப் போட்டி என்பார்களே, அதில் ஓட்டமெல்லாம் தடம், எறிவதும் தாண்டுவதும் திடல் என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தது எனக்கு மறக்கவில்லை. மலாய்ப் போட்டிகளில் ஒலிபெருக்கியிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆகவே ஈட்டி பாடாங்கில்தான் சேரும் என்று நினைத்து, அந்தக் கட்டத்தில் சரி போட்டேன்.

“பாடாங்தானே, பாக்சிக்?” என்று கேட்டார்.

“ஆமா, பாடாங்.”

அதற்குக் கீழே குறிப்பு எழுத ஒரு நீளக் கோடு இருந்தது. ஏதாவது எழுத வேண்டுமா என்றார். பேனா என் கையில்தான் இருந்தது. ஈட்டிக்கு என்று ஒரு சொல் எழுத வேண்டும் என்று தோன்றியது. மேலே அவருடைய எழுத்து அச்சு மாதிரி இருந்தது. எனக்குப் பின்னால் இரண்டு மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பேனாவை வைத்துவிட்டேன்.

வாயால் சொல்லியிருந்தால் அவரே எழுதியிருப்பார். அதுவும் தோன்றவில்லை.

ஒரு மாதத்தில் நன்றிக் கடிதம் வந்தது. நீளமான மலாய்ச் சொற்கள். நடுவில் பாடாங் என்று இருந்தது. அது போதும் எனக்கு. மாலை போட்ட அவள் படத்துக்குப் பக்கத்தில் டேப் வைத்து ஒட்டினேன். “வாங்கிக் குடுத்தாச்சு,” என்று சொன்னேன். வீட்டில் அப்படிச் சத்தமாகப் பேசி வெகு நாளாகியிருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வேலிக்குப் போனேன். புது ஈட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. திடலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே பச்சைப் பசேலென்று புதுப் புல். பாய் மாதிரிச் சுருட்டி வந்து விரித்திருக்கிறார்கள், இணைப்புகள் இன்னும் தெரிந்தன. தண்ணீர் சுற்றிச் சுற்றித் தெளித்தது. எறிகிறவர்கள் யாரும் இல்லை.

தாப்பாப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலி ஓரமாக நடந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

“அங்கிள்! எங்க போயிட்டீங்க? பாத்தீங்களா, நம்ம மூலையே போச்சு.”

“என்னாம்மா ஆச்சு?”

“யாரோ ஒரு பெரிய மனுசன் பாடாங்குக்குன்னு காசு குடுத்தாராம். புல்லு போட்டுட்டாங்க. ஈட்டி குத்துனா புல்லு கிழிஞ்சிரும், வேர் புடிக்கிற வரைக்கும் எறியவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இப்ப நாங்க கார் நிறுத்துற எடத்துல பந்து எறிஞ்சிட்டு இருக்கோம், சின்னப் பிள்ளைங்க மாதிரி. நல்லா இருக்கட்டும் அந்த மனுசன்!”

எப்போது திறப்பார்கள் என்று கேட்டேன். அடுத்த படிப்புத் தவணை என்றாள். அவளுக்கு இது கடைசித் தவணை. இரண்டு வாரத்தில் அவளுடைய கடைசிப் போட்டி.

“ஆண்ட்டி எங்க அங்கிள்? வரலியா?”

“ஆண்ட்டி இல்லம்மா,” என்றேன். “போயிட்டா.”

அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆண்ட்டி இருந்திருந்தா, இந்தப் புல்லப் பாத்து நல்லா ஏசியிருப்பாங்கல்ல?” என்றாள்.

“ஏசியிருப்பா,” என்றேன்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெரிய மனுசன் நான்தான், அது ஆண்ட்டி உங்களுக்கு விட்டுப்போன காசு, நான்தான் ஒரு சொல் எழுதாமல் விட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் தலையாட்டினேன்.

மறுநாள் கடிதத்தைச் சுவரிலிருந்து பிரித்துக் கடையில் பில் எழுதும் அக்காவிடம் காட்டினேன். பாடாங்குக்கு முன்னால் இருந்த நீளச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பராமரிப்பு என்றார். திடல் பராமரிப்புக்காக நீங்கள் கொடுத்த பணத்துக்கு நன்றி என்று எழுதியிருந்ததாம். கல்லூரிக்காரர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் சரி போட்ட கட்டத்துக்கு என்ன அர்த்தமோ அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

அந்தப் போட்டிக்கு நான் போகவில்லை. தாப்பாப் பெண் அதில் சரியாக எறியவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்த நாலு பேரில் உயரமான மலாய்ப் பெண்தான் வேலியருகே சொன்னாள். தாப்பாப் பெண் படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டாளாம். அவள் முகவரியை நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவளுக்கு நான் என்ன எழுதியிருப்பேன்?

கல்லூரிப் படிக்கட்டு வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை உள்ளே போனேன். கிராணியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “பாடாங் பாக்சிக்!” என்றார். பக்கத்து மேசைக்காரர்களிடம், புல்லுக்குக் கொடுத்தவர் இவர்தான் என்று காட்டினார். எல்லாரும் நன்றி சொன்னார்கள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. இன்னொரு பாரம் வேண்டும் என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். இந்த முறை என் சம்பளத்திலிருந்து கொடுப்பது. போன முறை அளவு கொடுக்க முடியாது. ஒரு ஈட்டிக்கு ஆகும்.

பில் எழுதும் அக்கா தானே நிரப்பித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். அந்தக் குறிப்பை எழுதப் பழகுவதற்குப் பழைய பில்களின் பின்பக்கத்தை எடுத்தேன். ஒரு வாரமாக அதையே எழுதினேன். எழுத எழுத அதற்கு முன்னால் நடந்ததும் வந்தது, அதையும் எழுதினேன். நீங்கள் இப்போது படிப்பது அதுதான்.

இனி வரப்போகும் பெண்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவள் குரலை அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த மலாய்ப் பெண்கள் படிப்பை முடிக்கும் வரை அந்தக் கத்தல் இருக்கும், பிறகு அதுவும் இருக்காது.

இன்று பாரத்தை எடுத்து வைத்து, குறிப்புக்கான கோட்டில் மலாயில் எழுதிவிட்டேன். லெம்பிங் வாங்க, பெண்களுக்கு. லெம்பிங் என்றால் ஈட்டி. கடைசிச் சொல் கோட்டை விட்டுச் சாய்ந்து கீழே போய்விட்டது. அவள் பார்த்திருந்தால் அந்த வளைந்த ஈட்டியைத்தான் சொல்லியிருப்பாள். அழித்து எழுதவில்லை. திங்கட்கிழமை இப்படியே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

மார்ச் 14, சனிக்கிழமை.