நாலாயிரம் லிட்டர் கடலை எண்ணெய்

செஞ்சியில் லாரிகளை எடை போடும் எடை மேடை ஒன்றில் எட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வண்டி மேடையில் ஏறும், திரையில் எண் வரும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன். அவ்வளவுதான் வேலை. படித்தது பி.எஸ்சி. இயற்பியல். "நம்பர் பாத்து சொல்றதுக்கா பிசிக்ஸ் படிச்ச?" என்று கேட்காத ஆள் கிடையாது. கேட்டுத் தொலையட்டும்.

வருவதில் முக்கால்வாசி நெல் வண்டிதான். மிச்சத்தில் தண்ணீர் லாரியும் உண்டு. நாலாயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் நாலு டன், அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

அன்று மதியம் நல்ல வெயில். அவலூர்பேட்டைப் பக்கத்து ஆலையிலிருந்து கடலை எண்ணெய் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வந்தது. இருபது பேரல், பேரலுக்கு இருநூறு லிட்டர். காலையில் அதே வண்டியைக் காலி பேரல்களோடு எடை போட்டுத்தான் அனுப்பியிருந்தேன். ஓட்டி வந்த தம்பிக்கு முப்பது வயதிருக்கும், இந்த வண்டிக்குப் புது டிரைவர். எண்ணெயை வாங்குகிறவரும் மேடைக்கு வந்து நின்றார். வாழ்நாள் முழுக்க நெல் வியாபாரம் செய்தவர், எண்ணெயில் அதுதான் அவருக்கு முதல் லோடு.

காலி எடையைக் கழித்தேன். மூவாயிரத்து அறுநூற்று முப்பது கிலோ. வாயை மூடிக்கொண்டு சீட்டை நீட்டியிருக்கலாம் இல்லையா? மாட்டேனே.

"இன்னாபா, நாலு டன் இருக்கணுமே? முந்நூத்தி எழுபது கிலோ கொறையுதே!" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

வியாபாரி வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "வழியில எங்கடா எறக்குன? ரெண்டு பேரல் அளவு எண்ணெ போச்சே! ஓனர்கிட்ட சொல்லி இன்னிக்கே உன்ன தூக்குறேன் பாரு" என்று கத்தினார். அப்புறம், "எந்த ஊருடா நீ?" என்று கேட்டார். தம்பி ஊரைச் சொன்னான். "ஊருன்னா, ஊருல எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எதற்கென்று எனக்குத் தெரியும். நானும் அதே மாதிரி தெருவிலிருந்து வந்தவள்தான். தம்பி போனை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனான். வியாபாரி மேல் கோபம் வந்ததும்தான் மூளை வேலை செய்தது. எண்ணெயை ஊற்றினால் தண்ணீரில் மிதக்கிறதே, அது எப்படி லிட்டருக்கு ஒரு கிலோ நிற்கும்? அடச்சீ, மூன்று வருடம் படித்தேனே!

"இருங்கணா, நான்தான் தப்பா சொல்லிட்டேன். சாவிய குடுத்துடுங்க" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. கம்ப்யூட்டரே சொல்லுது."

எடை மேடையில் பாட்டிலை நிறுக்க முடியாது, அதற்குப் பத்து கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. பக்கத்துப் பழக்கடையிலிருந்து எலக்ட்ரானிக் தராசை வாங்கி வந்தேன். ஒரு லிட்டர் பாட்டிலைக் காலியாக வைத்துப் பூஜ்யமாக்கினேன். ஒரு லிட்டர் கோடு வரை தண்ணீர் ஊற்றினேன், ஆயிரம் கிராம் காட்டியது. கொட்டித் துடைத்துவிட்டு, ஒரு பேரலைத் திறந்து அதே கோடு வரை எண்ணெய் பிடித்தேன். தொள்ளாயிரத்துப் பத்து. வியாபாரி நம்பாமல் பாட்டிலை எடுத்துத் திரும்ப வைத்தார். அதே தொள்ளாயிரத்துப் பத்து.

"ஒரு லிட்டரு தொள்ளாயிரத்துப் பத்து கிராம்னா, நாலாயிரம் லிட்டரு மூவாயிரத்து அறுநூத்து நாப்பது கிலோ. நம்ம சீட்டுல முப்பது இருக்குது. பத்து கிலோ முன்னபின்ன காட்டுறது மேடையோட வழக்கம். ஒரு சொட்டு போவல."

அவர் என் போனிலேயே இரண்டு முறை பெருக்கிப் பார்த்தார். "அப்படியா சேதி" என்றார். சாவியை மேசையில் வைத்துவிட்டு, லோடைக் கடைக்குக் கொண்டு வரச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். தம்பியிடம் ஒரு வார்த்தை? ம்ஹூம்.

நான் சாவியோடு வண்டிக்குப் பின்னால் போனேன். "தம்பி, எல்லாம் சரியாப்போச்சு. எண்ணெ தண்ணிய விட லேசு, கணக்கு கரெக்டா இருக்குது. என் வாயாலதான் வந்துச்சு. மன்னிச்சுக்கப்பா" என்றேன். அவன் முகம் தெளியும் என்று நினைத்தேன். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

"படிச்சவங்க, கம்ப்யூட்டர பாத்து சொல்றீங்க. நானே நம்பிட்டேங்க்கா" என்றான். "நான் எடுக்கல. அப்ப யாரு? ஆலையில பேரலு ரொப்புனது என் மச்சான். இப்பதான் அவனுக்கு போன் போட்டு, திருட்டுப் பயலே, என் பொழப்புல மண்ண போட்டுட்டியேடான்னு கேட்டுட்டேன். என் தங்கச்சிய கட்டுனவன்க்கா. அவன் பட்டுனு போன வெச்சிட்டான்."

"போன குடு, நான் சொல்றேன்" என்று வாங்கினேன். எண்ணெய்க் கையோடு மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் மணி முழுக்க அடித்து நின்றது.